களவு போய்த் திரும்பின காரை வாங்கலாமா?

பழைய கார் பார்க்கப் போகும்போது எங்கட ஊரில் கேட்கிற கேள்விகள் எல்லாரிடமும் ஒன்றுதான். எத்தினை கிலோமீற்றர் ஓடியிருக்கு? எத்தினையாவது ஓனர்? எங்கேயும் அடிபட்டதா? லீசிங் முடிஞ்சுதா? இந்த வரிசையில் "எப்பவாவது களவு போனதா?" என்ற கேள்வி வருவதே இல்லை. விற்கிறவர் தானாக அதைச் சொன்னால் அதோடு கதை முடிந்துவிடும். "உது வேண்டாம் தம்பி, ராசியில்லாத வாகனம்" என்று கூட வந்த மாமா எழும்பிவிடுவார். அவர் எழும்பாவிட்டால் சித்தப்பா சொல்லுவார்: "பொலிஸ் கேஸ் வாகனம். பிறகு எங்களால கோட்டுக்கு ஏறி இறங்க ஏலாது." அந்த வாகனத்தின் பேப்பர்கள் எப்படி இருக்கின்றன, களவு போன நாட்களில் அதற்கு என்ன நடந்தது என்று கேட்க அங்கே ஒருவரும் மிஞ்சமாட்டார்கள்.

நாங்கள் சொல்ல வருவது இதுதான். களவு போய், பொலிஸ் கண்டுபிடித்து, நீதிமன்றத்தின் ஊடாக உரிமையாளரிடம் திரும்பி வந்த காரை, பேப்பர்கள் சரியாக இருந்தால், தாராளமாக வாங்கலாம். பயப்பட வேண்டியது வரலாற்றை மறைத்து விற்கப்படும் வாகனத்துக்கு. உண்மையைச் சொல்லுகிற ஆளை நாங்கள் துரத்திக்கொண்டே இருப்பதால், அடுத்த முறை அவரும் சொல்லப்போவதில்லை. இப்படித்தான் எங்கட பழைய வாகனச் சந்தை முழுக்க வாய் மூடின சந்தையாகிவிட்டது.

இது வாகனப் பைத்தியங்களுக்கு மட்டுமான விஷயம் என்று தயவுசெய்து பக்கத்தை மூடிவிட வேண்டாம். 2020 மார்ச்சில் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அந்தத் தடை நீங்கினது 2025 பெப்ரவரியில்தான். இடையில் ஐந்து வருஷம் நாட்டுக்குள் இருந்த வாகனங்களே கைமாறிக் கைமாறி ஓடின. வாங்கி, ஓடி, தேய்ந்த பிறகு வாங்கின விலையை விடக் கூடவாக விற்ற அதிசயத்தையும் பார்த்தோம். தடை நீங்கின பிறகும் வரியோடு சேர்ந்த விலை எங்கட வீடுகளுக்கு எட்டுகிற விலையில்லை. ஆகவே கார் என்றால் பழைய கார்தான். சீட்டு எடுத்த காசு, அடகு வைத்த காப்பு, கனடாவில் இருந்து பெரியம்மா அனுப்பினது, எல்லாம் சேர்ந்த காசு அது. காணிக்கும் வீட்டுக்கும் அடுத்தபடியாக ஒரு குடும்பம் செய்கிற பெரிய செலவு. காணி வாங்கும்போது நொத்தாரிசிடம் போய்ப் பழைய உறுதி எல்லாம் தோண்டுகிற நாங்கள், கார் வாங்கும்போது பெயின்ற் மினுங்குகிறதா என்று மட்டும் பார்க்கிறோம்.

எங்கட பட்ச் நண்பன் ஒருவனின் அப்பா போன வருஷம் கார் தேடினார். ஹயர் ஓடி வீட்டைப் பார்க்கலாம் என்பது அவருடைய கணக்கு. நாலைந்து இடத்துக்கு நாங்களும் கூடப் போனோம். அதில் ஒன்று ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடைய சின்னக் கார். விலை கதைக்க முதலே அவர் சொல்லிவிட்டார்: "தம்பியவை, ஒண்டு சொல்லிப்போட்டுத்தான் மற்றதுகள் கதைக்கிறன். இது ஒருக்கால் களவு போய் பதினொரு நாளைக்குப் பிறகு கிடைச்ச கார்." ஒரு பைலை எடுத்துத் தந்தார். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, நீதிமன்றக் கட்டளை, லொக் மாற்றினதற்கும் வயரிங் செய்ததற்கும் கராஜ் தந்த பில், எல்லாம் திகதி வாரியாக இருந்தது. சந்தை விலையை விடக் கொஞ்சம் குறைத்துத்தான் கேட்டார். கூட வந்த பெரியவர்கள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "யோசிச்சுச் சொல்லுறம் மாஸ்டர்" என்று எழும்பினார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று மாஸ்டருக்கும் தெரியும்.

இரண்டு கிழமையில் ஒரு தரகர் மூலம் வேறொரு கார் வந்தது. விலை கூட. "ஒரு பிரச்சினையும் இல்லாத வாகனம் அண்ணை, கண்ணை மூடிக்கொண்டு எடுங்கோ" என்றார் தரகர். எடுத்தார்கள். ஓபன் பேப்பர். பெயர் மாற்றப் போகும்போதுதான் என்ஜின் நம்பர் புத்தகத்தில் உள்ளதோடு பொருந்தவில்லை என்று தெரிந்தது. புத்தகத்தில் பெயர் உள்ள ஆள் மூன்று கைக்கு முந்தினவர், இப்போது வெளிநாட்டில். தரகர் தொலைபேசியை எடுப்பதில்லை. என்ஜினை யாராவது முறையாக மாற்றிவிட்டுப் பதியாமல் விட்டார்களா, அல்லது அந்த என்ஜினுக்கு வேறொரு கதை இருக்கிறதா என்று சொல்ல ஆளில்லை. அப்பா ஹயர் ஓடுகிறார். ஆனால் வீதியில் பொலிசைக் கண்டால் நெஞ்சு இடிக்கிறது என்கிறார். மாஸ்டரின் கார் ஒரு வியாபாரிக்குப் போனதாகக் கேள்விப்பட்டோம். அந்த பைல் காரோடு அடுத்த ஆளுக்குப் போயிருக்குமா? நாங்கள் நம்பவில்லை.

சட்டம் என்ன சொல்லுது?

"பொலிஸ் கேஸ் வாகனம்" என்று ஒரே சொல்லில் நாங்கள் தள்ளிவிடுகிற விஷயத்தைச் சட்டம் நுணுக்கமாகப் பிரித்துப் பார்க்கிறது. தண்டனைச் சட்டக்கோவையின் 393ஆம் பிரிவு களவுப் பொருள் என்றால் என்ன என்று சொல்கிறது. களவெடுத்தது, கொள்ளையடித்தது மட்டுமில்லை, நம்பி ஒப்படைத்ததை மோசடி செய்ததும் அதில் அடங்கும். அதாவது வாடகைக்கு எடுத்த காரைக் கொண்டுபோய் அடகு வைக்கிற ஆட்களின் வேலையும் இதற்குள்தான் வரும். ஆனால் அதே பிரிவில் இன்னொரு விஷயமும் இருக்கிறது: அந்தப் பொருள் அதற்கு உரித்துள்ளவரின் கைக்குத் திரும்பி வந்துவிட்டால், அதன் பிறகு அது களவுப் பொருள் இல்லை. மாஸ்டருடைய காரைச் சட்டம் கறைபடிந்த காராகப் பார்க்கவில்லை. கறை எங்கட கண்ணில் இருக்கிறது.

394ஆம் பிரிவு மற்றப் பக்கத்தைச் சொல்கிறது. களவுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ, நேர்மையற்ற விதமாக ஒரு பொருளை வாங்கினால் அல்லது வைத்திருந்தால் குற்றம். "எனக்குத் தெரியாது" என்று சொல்லலாம்தான். ஆனால் சந்தை விலையில் பாதிக்கு, பேப்பர் இல்லாமல், ரசீதும் இல்லாமல் வாங்கின ஆள் அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? சாட்சிக் கட்டளைச் சட்டத்தின் 114ஆம் பிரிவும் இந்த இடத்தில் வரும். களவு நடந்து கொஞ்சக் காலத்துக்குள் அந்தப் பொருள் ஒருவரிடம் இருந்து, அது எப்படி வந்தது என்று அவரால் விளக்க முடியாவிட்டால், அவர் கள்வன் அல்லது தெரிந்து வாங்கினவர் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம்.

குற்றத்தில் மாட்டாமல் தப்பினாலும் காசு தப்பாது. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின் அடிப்படை சிம்பிள். விற்கிறவருக்கு இல்லாத உரித்து வாங்குகிறவருக்கு வராது. கள்வனிடம் வாங்கினவரிடம் நீங்கள் வாங்கி, அவருக்கு முழுக் காசும் கொடுத்திருந்தாலும், உண்மையான உரிமையாளர் வந்தால் கார் அவருடையது. நீங்கள் விற்றவரைத் தேடிப் போக வேண்டியதுதான். தரகர் தொலைபேசியை எடுக்காவிட்டால் என்ன செய்வது என்பதற்குச் சட்டத்தில் பிரிவு இல்லை.

ஆகவே "களவு" என்ற ஒரு சொல்லுக்குள் வேறு வேறு வாகனங்கள் இருக்கின்றன. முதலாவது, களவு போய்த் திரும்பி, வழக்கும் முடிந்து, நீதிமன்றம் உரிமையாளரிடம் முழுமையாக ஒப்படைத்தது. இதை வாங்கலாம். இரண்டாவது, கண்டுபிடித்தாச்சு, ஆனால் வழக்கு முடியவில்லை. பொலிஸ் கைப்பற்றின பொருளை நீதவானுக்கு அறிக்கை செய்ய வேண்டும் என்பது 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கை முறைச் சட்டத்தின் 431ஆம் பிரிவு. யாரிடம் கொடுப்பது என்று நீதவான்தான் கட்டளையிடுவார். வழக்கு முடியும்வரை விற்கக்கூடாது, கேட்கும்போது கொண்டுவந்து காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு பிணைமுறியில் விடுவதும் உண்டு. கார் உரிமையாளரின் வாசலில் நிற்கும், அவரே ஓடித் திரிவார். ஆனாலும் அதை அவர் விற்க முடியாது. இந்த வித்தியாசம் தெரியாமல் "கோட்டால விட்டாச்சு" என்ற ஒரு வசனத்தை நம்பிக் காசு கொடுக்கக்கூடாது.

மூன்றாவது, காப்புறுதி நிறுவனம் ஏற்கனவே இழப்பீடு கட்டின வாகனம். முழுக் காப்புறுதி இருந்து, கார் கிடைக்காமல் போய், நிறுவனம் காசு கொடுத்துவிட்டால், பிறகு கார் கிடைக்கும்போது அதில் நிறுவனத்துக்கு உரிமை வந்துவிடும். பழைய உரிமையாளர் தன்ர பாட்டுக்கு விற்க முடியாது. லீசிங் இருக்கிற வாகனமும் அப்படித்தான், நிதி நிறுவனத்தின் பெயர் புத்தகத்தில் இருக்கும். நாலாவது, களவு போய் இன்னும் கிடைக்காத வாகனம். விபத்தில் நொருங்கின அதே மாடல் காரின் நம்பர் பிளேற்றையும் புத்தகத்தையும் போட்டுக்கொண்டு அது சந்தைக்கு வரும். இது தன்னைக் களவு போன வாகனம் என்று ஒருநாளும் சொல்லாது. "ஒரு பிரச்சினையும் இல்லாத வாகனம்" என்றுதான் சொல்லும்.

எங்கட மாமாமார் பயந்து எழும்புவது முதலாவது காரைக் கண்டு. ஏமாறுவது நாலாவதில்.

எதைக் கேட்க வேணும், எதைப் பார்க்க வேணும்?

பேப்பரில் முதலாவது பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி. களவு போன திகதியும் முறைப்பாடு செய்த திகதியும் அதில் இருக்கும். இரண்டாவது, வழக்கு இலக்கமும் நீதிமன்றக் கட்டளையின் உறுதிப்படுத்தின பிரதியும். போட்டோக் கொப்பி ஒன்றை நம்பாமல், அந்த இலக்கத்தோடு ஒரு சட்டத்தரணி மூலம் பதிவறையில் விசாரிக்கலாம். அதற்கு ஆகிற செலவு காரின் விலையோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. மூன்றாவது, காப்புறுதி நிறுவனத்தின் கடிதம்: களவுக்காக இழப்பீடு கட்டப்பட்டதா இல்லையா என்று. தேர்ட் பார்ட்டி காப்புறுதி மட்டும் இருந்த வாகனம் என்றால் களவுக்கு இழப்பீடே கிடையாது, ஆகவே அந்தக் கேள்வி எழாது. நாலாவது, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் இப்போதைய உரிமையாளர் யார், நிதி நிறுவனம் ஏதாவது பதிந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது. விற்கிறவரின் அடையாள அட்டையில் இருக்கிற பெயரும் பதிவில் இருக்கிற பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில்லை என்றால், ஏன் என்று கேட்க வேண்டும்.

பிறகு வாகனம். செசி நம்பரையும் என்ஜின் நம்பரையும் புத்தகத்தோடு ஒவ்வொரு எழுத்தாகப் பொருத்திப் பார்க்க வேண்டும். இங்கே ஓடுகிற நிறையக் கார்கள் ஜப்பானின் உள்ளூர்ச் சந்தைக்காகச் செய்து, அங்கே பாவித்து, பிறகு இங்கே வந்தவை. அவற்றில் 17 எழுத்து இலக்கம் இருக்காது. மாடல் குறியீடும் ஒரு தொடர் இலக்கமும் சேர்ந்த செசி நம்பர்தான் இருக்கும். வெளிநாட்டு இணையத்தளங்களில் 17 எழுத்தைக் கேட்டுத் தேடச் சொல்வது இந்தக் கார்களுக்கு உதவாது. நம்பர் அடித்த இடம் மாடலுக்கு மாடல் வேறு, தெரிந்த கராஜ் பாஸ் ஒருவர் உடனே காட்டுவார். அந்த இடத்தில் மட்டும் பெயின்ற் புதிதாக இருக்கிறதா, வெல்டிங் அடையாளம் இருக்கிறதா, எழுத்துகள் ஒரே ஆழத்தில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

களவு போய் வந்த காருக்கென்று தனியாகப் பார்க்க வேண்டியவையும் உண்டு. ஸ்டார்ட் பண்ணுகிற லொக்கையும் கதவு லொக்கையும் மாற்றியாச்சா? டாஷ்போர்டுக்குக் கீழே வயர் வெட்டி ஒட்டியிருக்கா? எத்தினை திறப்பு இருக்கு? ஸ்மார்ட் கீ உள்ள கார் என்றால் பழைய திறப்புகளைக் கணினியில் அழித்து, கையில் இருக்கிறதை மட்டும் பதிய வேண்டும். இல்லாவிட்டால் எங்கேயோ ஒருத்தரிடம் உங்கட காரின் திறப்பு இருக்கிறது என்று அர்த்தம். ஹைபிரிட் கார் என்றால் பற்றரியையும் சைலன்சர் பக்கம் இருக்கிற கட்டலிற்றிக் கொன்வேர்ட்டரையும் பார்க்க வேண்டும். பிளாட்டினம், பலேடியம், ரோடியம் மாதிரி விலைகூடின உலோகங்கள் இருப்பதால் கொன்வேர்ட்டரைத் தனியாகக் கழற்றி விற்கிற களவு உலகம் முழுக்க நடக்கிறது. காரைத் திருப்பி எடுத்தவர்கள் அது இல்லாமலே எடுத்திருக்கலாம்.

இதெல்லாம் செலவுக் கணக்கு. லொக்குக்கு இவ்வளவு, வயரிங்குக்கு இவ்வளவு, பற்றரிக்கு இவ்வளவு என்று கூட்டி, அந்தக் காசைக் குறைத்துக் கேட்பது நியாயம். "களவு போனது எல்லோ, பாதி விலைக்குத் தாங்கோ" என்று கேட்பது நியாயமில்லை. முறைப்பாடு போட்டு, தவணைக்குத் தவணை கோட்டுக்குப் போய், காரைத் திருப்பி எடுத்த மனுசனிடம் இரண்டாந் தரம் பறிக்கிற வேலை அது.

எலுமிச்சையும் எலுமிச்சையும்

பொருளியல் படிக்கிற நண்பர்களுக்கு ஜோர்ஜ் அகெர்லொவ் என்ற பெயர் தெரிந்திருக்கும். 1970இல் பழைய கார்ச் சந்தையை உதாரணமாக வைத்து அவர் எழுதின கட்டுரை பிரபலமானது. 2001இல் நோபல் பரிசும் கிடைத்தது. அமெரிக்கப் பேச்சு வழக்கில் வாங்கின பிறகு உபத்திரவம் தருகிற காரை எலுமிச்சம்பழம் என்பார்கள். எங்கட ஊரில் காருக்கு எலுமிச்சை என்றால் பூசை செய்து ரயருக்குக் கீழே வைக்கிறது. அவர்களுடைய எலுமிச்சையில் ஏறாமல் தப்பத்தான் நாங்கள் எங்கட எலுமிச்சையில் ஏற்றுகிறோம் போல.

அகெர்லொவ் சொன்னது சுருக்கமாக இதுதான். எது நல்ல கார், எது கெட்ட கார் என்று விற்கிறவருக்குத் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. தெரியாதவர் எல்லாக் காருக்கும் ஒரு சராசரி விலைதான் கொடுப்பார். நல்ல கார் வைத்திருப்பவருக்கு அந்த விலை கட்டாது, அவர் சந்தையை விட்டு விலகுவார். போகப் போகக் கெட்டதுதான் மிஞ்சும். எங்கட நிலைமை அதிலும் ஒரு படி மோசம். இங்கே தகவலை மறைக்காமல் சொன்னவருக்குச் சராசரி விலையும் இல்லை, தண்டம்தான். மாஸ்டர் பைலை எடுத்து மேசையில் வைத்ததற்குக் கிடைத்தது என்ன? அடுத்த முறை அவரோ, அவரைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரரோ பைலை எடுப்பார்களா? கராஜில் பெயின்ற் அடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு விற்பார்கள். அப்படி அவர்கள் பழகுவது எங்களால்தான்.

ராசி பற்றியும் ஒரு சொல். நாங்கள் ஒருவருடைய நம்பிக்கையையும் நக்கல் அடிக்கவில்லை. ஏ9 வீதியில் முறிகண்டிப் பிள்ளையாரைக் கண்டும் இறங்காமல் போகிற டிரைவர்மார் எத்தினை பேர்? தேங்காய் உடையுங்கோ, திருநீறு பூசுங்கோ, முன்னுக்குப் பூமாலை போடுங்கோ. ஆனால் செசி நம்பரையும் பாருங்கோ. ராசி பார்க்கிறது பேப்பர் பார்க்கிறதுக்குப் பதிலாகிவிட்டதுதான் எங்கட பிரச்சினை. ஒரு வீட்டில் களவு போனால் அந்த வீட்டுக்காரர் மேல் இரக்கப்படுகிறோம், வீட்டைப் பிழை சொல்லுவதில்லை. காருக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்?

ஓபன் பேப்பர் என்ற வியாதி

இந்த வாய்மூடலுக்குப் பெரிய துணை ஓபன் பேப்பர். புத்தகத்தில் பெயர் உள்ளவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த படிவத்தை, வாங்குகிறவர் பெயர் நிரப்பாமல் கைமாற்றிக் கொண்டே போகிறது. இதில் எல்லாருக்கும் ஒரு லாபம் இருக்கிறது. தரகருக்குத் தன் பெயர் எங்கேயும் வராது, இடையில் வாங்கினவருக்கு மாற்றுச் செலவு மிச்சம், முதல் உரிமையாளருக்கு அலைச்சல் இல்லை. நட்டம் கடைசியில் வாங்குகிறவருக்கு. வாகனம் இடையில் யார் யாரிடம் இருந்தது, அந்த நாட்களில் என்ன நடந்தது என்பதற்கு ஒரு தடயமும் இல்லை. முதல் உரிமையாளருக்கும் ஆபத்து இருக்கிறது. அந்தக் கார் ஆரையாவது அடித்துவிட்டு ஓடினாலும், கஞ்சா கடத்தினாலும், பொலிஸ் முதலில் தட்டுகிற கதவு அவருடையது.

எங்கட அம்மம்மா, அப்பப்பா தலைமுறை இடம்பெயரும்போது முதலில் கையில் எடுத்தது பேப்பர் பையைத்தான். பிறப்பு அத்தாட்சி, காணி உறுதி, அடையாள அட்டை, சைக்கிள் வைத்திருந்தவர்கள் சைக்கிள் ரசீது கூட. ஷெல் விழுகிற நேரத்திலும் அந்தப் பையை விடவில்லை. ஒரு பேப்பர் இல்லாமல் போனால் பிறகு எத்தினை கந்தோர் ஏறி இறங்க வேணும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்களின் பேரப்பிள்ளைகளான நாங்கள், ஆர் என்று தெரியாத ஒருவர் போட்ட கையெழுத்தை நம்பி லட்சக் கணக்கில் காசு எண்ணிக் கொடுப்பதை எப்படி விளங்கிக்கொள்வது?

அரசாங்கத்திடமும் கேட்க வேண்டும்

எல்லாப் பொறுப்பையும் வாங்குகிறவர் தலையில் போட்டுவிட்டுப் போக நாங்கள் தயாரில்லை. லண்டனில் இருக்கிற எங்கட மச்சான்மார் பழைய கார் ஒன்று வாங்க முதல் சில பவுண் கட்டி நம்பரைப் போட்டுப் பார்ப்பார்கள். கடன் இருக்கா, களவென்று பதிந்திருக்கா, காப்புறுதி நிறுவனம் கைவிட்டதா என்று வந்துவிடும். அங்கே காப்புறுதி நிறுவனங்கள் கைவிட்ட வாகனங்களை 2017 ஒக்டோபரில் இருந்து ஏ, பி, எஸ், என் என்று நாலு வகையாகப் பதிகிறார்கள். ஏ, பி வகைகள் திரும்ப வீதிக்கே வரக்கூடாது. மற்ற இரண்டும் திருத்தி ஓடலாம், ஆனால் வரலாறு தெரிந்துதான் அடுத்தவர் வாங்குவார். அமெரிக்காவில் காப்புறுதிக் குற்றங்களைக் கண்காணிக்கிற ஒரு அமைப்பு, களவு போய் இன்னும் கிடைக்காத வாகனமா என்று இலவசமாகப் பார்க்கவே வசதி செய்திருக்கிறது. அங்கேயும் களவு நடக்கிறது, ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் உண்மையைச் சொல்லுகிறவர் தனியாளாக நிற்க வேண்டியதில்லை, ஏனென்றால் பதிவே அதைச் சொல்லிவிடும்.

எங்கட பதிவுச் சான்றிதழில் களவு போய் மீண்ட வாகனம் என்று காட்டுகிற ஒரு வரி இல்லை. அந்த வரி வேண்டும் என்று கேட்கிறோம். முறைப்பாடு பதியும்போது திணைக்களத்தின் பதிவிலும் அது விழ வேண்டும். நீதிமன்றம் விடுவிக்கும்போது விடுவித்த திகதியும் விழ வேண்டும். யார் முறைப்பாடு செய்தார், எந்த வீட்டில் இருந்து போனது என்ற விபரங்கள் வெளியே வரத் தேவையில்லை. "களவு முறைப்பாடு உண்டு, இந்தத் திகதியில் தீர்ந்தது" என்ற இரண்டு விஷயம் போதும். அது தமிழிலும் வர வேண்டும்.

"அப்படிப் பதிந்தால் அந்த வாகனத்தின் விலை விழுந்துவிடுமே, பாதிக்கப்பட்ட உரிமையாளருக்குத்தானே திரும்பவும் அடி?" என்று ஒரு நண்பி கேட்டாள். நல்ல கேள்வி. இன்றைக்கு விலை விழுவது களவு போனதால் மட்டுமில்லை, உள்ளே இன்னும் என்ன இருக்கோ என்ற பயத்தாலும்தான். தீர்ந்த திகதியோடு பதிவு இருந்தால் அந்தப் பயத்தில் ஒரு பங்கு போய்விடும். கொஞ்சம் விலை குறையலாம்தான். அதைச் சொன்னவர் மட்டும் சுமக்கிற இன்றைய நிலையை விட, எல்லாருடையதும் தெரிகிற நிலை அவருக்கு நல்லது.

இதற்கு நாங்கள் கையில் எடுக்கக்கூடிய ஒரு வழியும் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரஜையும், காரணம் சொல்லாமலே, அரச நிறுவனத்திடம் தகவல் கேட்கலாம். வட மாகாணத்தில் ஒவ்வொரு மாவட்டத்திலும் எத்தினை வாகனக் களவு முறைப்பாடு, அதில் எத்தினை மீட்கப்பட்டன, எத்தினை இன்னும் பொலிஸ் நிலைய வளவுகளில் வெயிலில் காய்கின்றன என்று கேட்டு ஒரு விண்ணப்பத்தை எழுதத் தொடங்கியிருக்கிறோம். உங்கட மாவட்டத்தில் இருந்து இன்னொன்று போட விரும்பினால் எழுதுங்கள், மாதிரியை அனுப்புகிறோம்.

அதுவரைக்கும் ஒரு சின்ன வேலை. அடுத்த முறை வீட்டில் ஆராவது கார் பார்க்கவோ மோட்டார் சைக்கிள் பார்க்கவோ வெளிக்கிட்டால் நீங்களும் போங்கள். கிலோமீற்றர் கேட்ட பிறகு, "இது எப்பவாவது களவு போனதா அண்ணை?" என்று மரியாதையாகக் கேளுங்கள். ஓம் என்று சொல்லி ஒருவர் பைலை எடுத்து வைத்தால், மாமா எழும்ப முதல் அவரைக் கையைப் பிடித்து இருத்திவிட்டு, அந்த பைலை முதல் பக்கத்தில் இருந்து வாசியுங்கள்.